பதினோராவது வளைவு

பெங்களூர், 1943

ஆகஸ்ட் 3, செவ்வாய்

காலை எட்டரைக்குத் தொடங்கிய ஆபரேஷன் பத்தேமுக்காலுக்கு முடிந்தது. நோயாளி கைதிகள் முகாமிலிருந்து வந்த இத்தாலிய லெப்டினன்ட். பெயர் லிவியோ மொரந்தின், வயது முப்பத்தாறு. இடது கண்ணில் பல வருஷமாகவே பார்வை இல்லை. மிச்சமிருந்த வலது கண்ணிலும் போன மாதம் முகாமில் கால்பந்து பட்டு விழித்திரை கழன்றுவிட்டது. மேஜர் லின்ட்ஸே அதைச் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார். ஒட்டிக்கொண்டதா என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும்.

அதுவரை இரண்டு கண்களிலும் கட்டு. மல்லாந்த படுக்கை. தலை ஒரு நூல் அசையக்கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எதுவும் ஆகாது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அணைத்து வைத்தேன்.

வராந்தாவில் மேஜர் என்னை நிறுத்தி, "என் பாதி முடிந்தது, சிஸ்டர் ஞானப்பூ. மீதிப் பாதி உன்னுடையது" என்றார்.

கட்டில் அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'கார் பந்தய ஓட்டுநர்' என்று இருக்கிறது. அதை வார்டு ஆர்டர்லி கன்னியப்பனிடம் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பறந்துக்கினு இருந்தவர இப்டி கட்டிப் போட வேண்டியதாப் போச்சே சிஸ்டரம்மா" என்றார்.

ஆகஸ்ட் 4, புதன்

வாந்தி இல்லை. நல்லவேளை. பகல் முழுக்கத் தூறல்.

ஆகஸ்ட் 7, சனி

கஞ்சியை ஸ்பூனில் ஊட்டுகிறேன். வாயை எவ்வளவு திறக்கலாம் என்பதற்குக்கூட மேஜர் அளவு சொல்லியிருக்கிறார். லெப்டினன்ட் அதைக் கேட்டுச் சிரிக்கப் போனார். சிரிக்கக்கூடாது என்று சொல்லி உதட்டின்மேல் விரல் வைத்தேன். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரும்போதெல்லாம் வலது கையின் இரண்டு விரல்களை மட்டும் போர்வைமேல் தட்டுகிறார். அதுதான் அவர் சிரிப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலீஷ் பேசுகிறார். பந்தயங்களில் கற்றது பாதி, முகாமில் கற்றது பாதி. பெர்கமோ என்ற ஊரில் அப்பாவுக்கு சைக்கிள் கடையாம். பதினோரு வயதில் பால் லாரியை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய் மலைப்பாதையில் ஏற்றியிருக்கிறார். பத்தொன்பதில் முதல் பந்தயம். இருபத்து மூன்றில் செய்தித்தாளில் படம். வருஷத்தில் ஏழு மாதம் டயர், மூன்று மாதம் எஃகு, மிச்சம் இரண்டு மாதம் அம்மா சமையல். தன் வாழ்க்கையே அவ்வளவுதான் என்றார்.

எஃகு என்றால் என்ன என்று கேட்க நினைத்தேன். அடுத்த கட்டில்காரர் கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

எஃகு என்றது பனிக்கட்டியில் ஓடும் வண்டியை. அவர் 'பாப்' என்று சொன்னபோது யாரோ ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துவிட்டேன். போர்வைமேல் விரல்கள் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தன.

மலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை பனிக்கட்டியாலேயே ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்களாம். வளைவுகளில் அதன் கரை ஆள் உயரத்துக்கு மேல் சுவராக எழுந்து நிற்கும். வண்டிக்கு எஞ்சின் கிடையாது. அடியில் நான்கு எஃகுப் பட்டைகள். முன்னால் ஒருவர் உட்கார்ந்து திருப்புவார், பின்னால் இருப்பவர் பிரேக் பிடிப்பார். தள்ளிக்கொண்டே ஓடிவந்து தாவி உட்கார்ந்துவிட்டால் பிறகு மலைதான் இழுக்கிறது. கார் ஓட்டும்போதுகூடத் தூக்கம் வந்ததுண்டு, பாப்பில் மட்டும் வந்ததில்லை என்றார்.

நான் பனியைப் பார்த்தவளில்லை. எங்கள் நாசரேத்துப் பக்கத்துத் தேரியைச் சொன்னேன். செம்மண் குன்றுகள், பனைமரங்கள், சின்ன வயதில் பனைமட்டையில் உட்கார்ந்து மேலிருந்து கீழே சறுக்குவோம், வாயெல்லாம் மண். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். மண் சூடாக இருக்குமா, மட்டையின் எந்தப் பக்கம் கீழே வரும், வளைவில் எந்தக் காலை ஊன்றுவோம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, "உங்களுக்குப் பின்னால் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டார்.

யாருமில்லை, ஒரு மட்டையில் ஓர் ஆள்தான் என்றேன்.

"அது நல்லது" என்றார்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

மத்தியானம் மூன்று மணி. வார்டு முழுக்கத் தூக்கம். ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் நனைந்து நின்றன. நாடி பார்க்க அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எழுபத்தாறு. கையில் கடிகாரம் இருக்கிறதல்லவா, ஒரு காரியம் செய்வீர்களா என்று கேட்டார். தான் 'இப்போது' என்றதும் நேரம் பார்க்கத் தொடங்க வேண்டும், 'முடிந்தது' என்றதும் சொல்ல வேண்டும்.

இப்போது என்றார். பிறகு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். முதல் வளைவு வலது, சின்னது, கிள்ளினால் போதும். இரண்டாவது இடது. மூன்றாவது வருவதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளலாம். நான்காவது நீளமானது, பைன் மரங்களின் நிழல் விழும், பனிக்கட்டி அங்கே நீலமாக இருக்கும். ஐந்தில் உயரமாக ஏறி ஆறில் இறங்கு. ஏழு என்பது வளைவே இல்லை, ஒரு பெருமூச்சு.

சொல்லச் சொல்ல வார்டின் சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்து வளைவதுபோல் இருந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றுகூடச் சில்லென்று முகத்தில் பட்டது. அவர் உடம்பில் ஓர் அசைவு இல்லை. மணல் மூட்டைகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. என் விரலடியில் மட்டும் நாடி நூற்று முப்பத்திரண்டு.

பத்தாவது வளைவு முடிந்ததும் நின்றுவிட்டார். களைப்பாக இருக்கிறது, மீதியை நாளை பார்க்கலாம் என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தோரு விநாடி.

இதை மேஜரிடம் சொல்ல வேண்டும். அட்டையில் நாடி எழுபத்தாறு என்று எழுதினேன். முதலில் எண்ணியபோது அதுதான் இருந்தது.

ஆகஸ்ட் 14, சனி

அண்ணன் கடிதம். சாயர்புரம் மிஷன் பள்ளியில் வேலை பார்க்கும் தாவீது சார் வீட்டில் மறுபடி கேட்கிறார்களாம். 'உனக்கு வயது இருபத்தெட்டு ஆகிறது. அவர் நல்ல மனுஷர், சபையில் பேர் உள்ளவர். லீவு போட்டு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. பிடிக்கவில்லையென்றால் யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.' நாளை பதில் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

இன்றோடு நான்கு தடவை அந்த மலையிலிருந்து இறங்கிவிட்டோம். மொத்தம் பதினாறு வளைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். நான்கு தடவையும் பத்தோடு நின்றுவிட்டார். பதினோராவதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

இரண்டு விரல்களும் அசையவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 21, சனி

ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு இத்தாலியன் தெரியாதே என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றார். தான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாராம், நான் கேட்டபடி எழுதினால் போதுமாம்.

மேட்ரனிடம் அனுமதி கேட்டேன். கைதிகளுக்கான தாளில், தணிக்கைக்குப் போகும்படி எழுதலாம் என்றார்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து வரிதான் ஆயிற்று. அவர்கள் எழுத்தை அழைக்கும் விதமே வேறு. அவர் 'ஈ' என்பது இங்கிலீஷில் நமக்கு 'ஐ'. அவர் 'ஏ' என்பது நமக்கு 'ஈ'. முதல் இரண்டு தாள் வீணாகப் போனது.

ஆகஸ்ட் 25, புதன்

கடிதம் முடிந்தது. ஒன்றரைப் பக்கம், ஐந்து நாள். எந்தச் சொல்லுக்கும் பொருள் தெரியாமல் எழுதியிருக்கிறேன். இருட்டில் பூத்தொடுப்பதுபோல் இருந்தது. 'எல்ஸா' என்று ஒரு பெண்ணுக்குத் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊர் முகவரி. உள்ளே 'சான்ட்ரோ' என்ற பெயர் ஒன்பது முறை வருகிறது.

எல்ஸா யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பது நர்ஸின் வேலை இல்லை.

ஆகஸ்ட் 27, வெள்ளி

முகாமிலிருந்து இத்தாலியப் பாதிரியார் வந்தார். கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி லெப்டினன்ட் கேட்டுக்கொண்டார். பாதிரியார் கட்டிலருகே நின்று படித்தார். இரண்டாம் பக்கம் திருப்பியதும் படிப்பதை நிறுத்தி ஏதோ கேட்டார். லெப்டினன்ட் ஒரே சொல்லில் பதில் சொன்னார். பாதிரியார் ஜன்னலண்டை போய் நின்று மீதியைப் படித்தார்.

என்னிடம் கொடுக்கும்போது, "ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நல்ல கையெழுத்து" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல வந்தவராகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, சனி

லெப்டினன்ட் தானாகவே சொன்னார். நான் எழுதிய கடிதத்தில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

சான்ட்ரோ அவருடைய மெக்கானிக். காரில் பக்கத்தில் உட்காருவார், பாப்பில் பின்னால் உட்கார்ந்து பிரேக் பிடிப்பார். ஒன்பது வருஷம் சேர்ந்தே இருந்தார்கள். எல்ஸா சான்ட்ரோவின் மனைவி. 1937 கோடையில் ஒரு பந்தயத்தில் முன்னால் போன காரின் சக்கரம் எற்றிய கல் லெப்டினன்டின் நெற்றியில் பட்டது. அன்றிலிருந்து இடது கண்ணில் புகைக்கரிபோலப் பொடிப்பொடியாகப் பறந்தது. அப்புறம் கீழிருந்து ஒரு திரை மெதுவாக ஏறியது. மார்கழிக்குள் அந்தக் கண் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போய்விடும். கண் பரிசோதனையில் அட்டை எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டார்.

1938 பிப்ரவரி. பதினாறு வளைவுள்ள அந்த மலை. பதினோராவது வளைவு இடது பக்கம் திரும்புவது. சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டி சுவர்மேல் ஏறி அந்தப் பக்கம் பைன் மரங்களுக்குள் விழுந்தது. அவருக்கு மணிக்கட்டு மட்டும் பிசகியது. சான்ட்ரோ அங்கேயே இறந்துவிட்டார்.

விசாரணையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்களாம். பிரேக் சீக்கிரமே பிடிக்கப்பட்டதா என்று அவர்களில் ஒருவர் கேட்டாராம். ஆமாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். செய்தித்தாளிலும் அப்படியே வந்தது.

"சான்ட்ரோ பிரேக்கைத் தொடவே இல்லை, சிஸ்டர். நான் பார்த்து ஓட்டுகிறேன் என்று நம்பிக் குனிந்து உட்கார்ந்திருந்தான்."

மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, திங்கள்

காய்ச்சல் இல்லை. நாடி 74. மலம் கழிந்தது. தலை அசைவில்லை.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

மூன்று நாளாக வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. செத்தவன்மேல் பழி போட்டால் அவன் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறான்? இதை நினைக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பாத்திரம் சத்தம் போடுகிறது.

கன்னியப்பன் ஒதுக்குப்புறமாக வந்து, "அவுரு நேத்துலேர்ந்து ரெண்டு ஸ்பூனுக்கு மேல வாய தொறக்கல சிஸ்டரம்மா. நான் ஊட்டுனா எறங்கல. என்னாவோ சண்ட போல" என்றார். நோயாளியோடு நர்ஸுக்கு என்ன சண்டை என்று கேட்டேன். அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேட்ரன் லீவு தரவில்லை என்று அண்ணனுக்கு எழுதிப் போட்டேன்.

செப்டம்பர் 2, வியாழன்

கஞ்சி ஊட்டினேன். முழுவதும் சாப்பிட்டார். இத்தனை வருஷம் சொல்லாமல் இப்போது ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

ஓடிக்கொண்டிருந்தவரை அது பின்னாலேயே இருந்தது, படுத்த இடத்தில் எல்லா மத்தியானமும் அங்கேதான் போய்ச் சேருகிறேன் என்றார். பிறகு, கடிதம் போய்விட்டதா என்று கேட்டார். சனிக்கிழமைத் தபாலிலேயே போட்டுவிட்டேன் என்றேன். கோபமாக இருந்தும் போட்டீர்களா என்றார். கோபமாக இருந்ததால்தான் அன்றைக்கே போட்டேன் என்றேன்.

மணி மூன்று. அவர் கேட்கவில்லை. நானே மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது என்றேன்.

பத்து வரைக்கும் வழக்கம்போல வந்தார். பத்துக்குப் பிறகு குரல் நின்றது. நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஆறாவது விநாடியில் "பதினொன்று, இடது" என்றார். "சுவர் இங்கே தொடங்குகிறது. இங்கே." பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் ஊர் மாதாகோயிலின் கூம்பு தெரியும் என்றார். பதினாறு தாண்டி வண்டி நிற்பதற்காகச் சற்றே மேடாக ஏறும் நீளமான பனிவெளி. அங்கே வெயில் இருக்குமாம்.

முடிந்தது என்றார். எனக்கும் மூச்சு வாங்கியது. நேரத்தைச் சொன்னேன்.

கட்டு நனைந்திருந்தது. மேஜர் வந்து மாற்றினார். ஏன் நனைந்தது என்று கேட்டார். வியர்வை என்றேன்.

செப்டம்பர் 9, வியாழன்

இத்தாலி சண்டையை நிறுத்திவிட்டதாக ரேடியோ சொல்லிவிட்டது. மத்தியானம் மேட்ரனே வந்து வார்டில் அறிவித்தார். இங்கே இருக்கும் ஐந்து இத்தாலியர்களும் முதலில் நம்பவில்லை. பிறகு ஒருவன் அழுதான், ஒருவன் பாடத் தொடங்கினான். காலில் கட்டுப் போட்ட ஒருவன் நொண்டிக்கொண்டே ஓடிவந்து லெப்டினன்டைக் கட்டிப் பிடிக்கக் குனிந்தான். ஒரு மணல் மூட்டை தரையில் விழுந்தது.

நான் மருந்து மேசையண்டை நின்றிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். கன்னியப்பன் அந்த ஆளை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார். வார்டு முழுக்க ஒரே பாட்டும் கூச்சலும். கட்டில்கள் அதிர்ந்தன. அவர் அசையவில்லை. காதுகள் என் கைக்குள் இருந்ததால் அவருக்கு எதுவும் சரியாகக் கேட்டிருக்காது.

"என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

"உங்கள் சண்டை முடிந்துவிட்டது. அசையாதீர்கள்" என்றேன்.

கன்னியப்பன் மணல் மூட்டையை எடுத்து வைத்துவிட்டு, இனிமேல் கையை எடுக்கலாம் என்றார். மூட்டையை வைத்து வெகுநேரம் ஆகிவிட்டதாம்.

செப்டம்பர் 14, செவ்வாய்

இன்று கட்டுப் பிரித்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. மேஜர், மேட்ரன், கையில் தட்டோடு நான். கடைசிப் பஞ்சை எடுத்ததும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. மேஜர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் திறந்தார்.

மேஜர் விரல்களைக் காட்டினார். மூன்று என்றார் லெப்டினன்ட். பிறகு ஒன்று. பிறகு, கையை எடுத்துவிட்டீர்கள் என்றார். மேஜர் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

பார்வை வந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு நிற்கிறது. அது போகாது. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

மேஜர் போன பிறகு தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். நினைத்ததைவிட நீங்கள் உயரம் என்றார். நேராகப் படுங்கள் என்றேன்.

செப்டம்பர் 20, திங்கள்

இந்த வருஷ லீவை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று மேட்ரன் கேட்டார். வார்டில் வேலை இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 11, திங்கள்

நடுவில் ஊசித்துளை மட்டும் விட்ட கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வராந்தாவில் பத்தடி நடக்கிறார். இன்று மேஜர் அவரை உட்காரவைத்துப் பேசினார். இனி ஆயுசுக்கும் பந்தயம் கிடையாது. பாப் கிடையவே கிடையாது. ஒரு பெரிய குலுக்கல் போதும், மறுபடி கழன்றுவிடும், அதன்பின் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். தலையசைக்க அனுமதி வந்ததே ஒரு வாரம் முன்னால்தான்.

சாயங்காலம் வராந்தா நாற்காலியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி ஓட்டு நுனியில் திரண்டு, கனத்து, விழும்வரை பார்க்கிறார். பிறகு அடுத்த துளி. டீ ஆறிவிட்டது என்று சொல்லப் போனவள் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். ஒவ்வொரு துளிக்கும் ஏறக்குறைய நான்கு விநாடி.

அக்டோபர் 29, வெள்ளி

புது நோயாளிகள் பதினெட்டுப் பேர். உட்கார நேரமில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். சும்மாதான்.

டிசம்பர் 8, புதன்

பாதிரியார் கொண்டுவந்தார். லுகானோ கடிதம், மூன்று தணிக்கை முத்திரையோடு. கிட்டப் பார்க்கும் கண்ணாடி லெப்டினன்டுக்கு இன்னும் வரவில்லை. பாதிரியார் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நான் போய்விடுகிறேன் என்றேன். இருங்கள் என்றார். பாதிரியார் முதலில் இத்தாலியனில் படித்தார். பிறகு எனக்காக இங்கிலீஷில் சொன்னார்.

எல்ஸா நீளமாக எழுதவில்லை. 'உனக்கு இடது கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சான்ட்ரோ அந்த நவம்பரிலேயே சொன்னான். நீ கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான். போகாதே என்று நான் கெஞ்சினேன். வேறு ஆள் பின்னால் உட்கார்ந்தால் அவனுக்கு இது தெரியாது, நானென்றால் வளைவு வரும்போது முதுகில் தட்டிச் சொல்லலாம் என்றான். பதினோராவதில் அவன் தட்டினானா, உனக்குத் தெரியவில்லையா, அது உங்கள் இருவருக்குத்தான் தெரியும். நீ ஆமாம் என்று சொன்ன நாளிலிருந்து உண்மை என்னிடம் இருந்தது. உன் வாயால் வருவதற்காகத்தான் காத்திருந்தேன். விசாரணை வைத்தவர்களுக்கும் நீ எழுத வேண்டும். அவன் மகள் இப்போது படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.'

லெப்டினன்ட் தன் இடது தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார்.

"தட்டினான்" என்றார். "ஆமாம். தட்டினான். சீக்கிரம் போ என்று தட்டுவதாக நினைத்தேன்."

பாதிரியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து துணி அலமாரியில் எல்லாத் துண்டுகளையும் பிரித்து மறுபடி மடித்து வைத்தேன்.

டிசம்பர் 9, வியாழன்

விசாரணை வைத்த சங்கத்துக்கு அவரே தன் கையால் எழுதினார். எழுத்து பெரிதுபெரிதாகக் கோணலாக விழுகிறது. சண்டை முழுக்க முடிந்தபின்தான் அது போய்ச் சேரும் என்று பாதிரியார் வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு நானும் எழுதினேன். லீவு கிடைக்காமல் இல்லை, நான் கேட்கவே இல்லை என்று எழுதினேன். தாவீது சாரைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு, யுத்தம் முடியும்வரை இங்கே வேலையில் இருப்பேன் என்றும் எழுதினேன். ஏன் என்று அண்ணன் கேட்பான். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

டிசம்பர் 20, திங்கள்

இத்தாலி சண்டையை நிறுத்தியும் கைதிகள் இன்னும் கைதிகள்தான். காலையில் லெப்டினன்ட் மொரந்தினை முகாமுக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தது. அதே ஆம்புலன்ஸில் மாசிலாமணி என்ற சிப்பாயை ஜாலஹள்ளிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவன். மத்தியானம் அங்கே ஆபரேஷன். அவனோடு பின்னால் நான். முன்னால் டிரைவர் சவரிமுத்து, லெப்டினன்ட், துப்பாக்கியோடு ஒரு காவல் சிப்பாய். கைதிகள் முகாம் அந்த ஆஸ்பத்திரியை அடுத்து இருக்கிறது.

நான்கு மைல் தாண்டியதும் வண்டி கோணல்மாணலாகப் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். சவரிமுத்து ஸ்டீயரிங்மேல் சாய்ந்து பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தான். மலேரியா. "கை நிக்க மாட்டேங்குதும்மா" என்றான். காவல் சிப்பாய்க்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பக்கமும் கேழ்வரகுத் தட்டை நிற்கும் வயல்கள், ஒரு வண்டியும் கண்ணில் படவில்லை. உள்ளே மாசிலாமணி, கால் இன்னும் இருக்கா சிஸ்டர், எனக்குத் தெரியல என்று மெதுவாகக் கேட்டான்.

லெப்டினன்ட் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

காவல் சிப்பாய், "கைதி கையில வண்டியக் குடுக்கறதா? என்னைச் சுட்டுருவாங்கம்மா" என்றான். சிஸ்டருக்கு ஆபீசர் அந்தஸ்து இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 'இது என் உத்தரவு, என் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் பையில் வைத்தேன். சவரிமுத்துவைக் கம்பளி சுற்றி உள்ளே கீழே படுக்கவைத்தோம்.

உங்கள் கண்ணுக்கும் குலுக்கல் ஆகாது என்று லெப்டினன்டிடம் சொன்னேன். யாருக்கும் குலுங்காது என்றார்.

வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. மரங்கள் பின்னால் போவதைப் பார்த்துத்தான் போகிறோம் என்று தெரிந்தது. அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவ்வளவும் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவர் குரல் முன்னிருக்கைக்குப் பின்னாலிருந்த சின்னத் திறப்பு வழியாக வந்தது. இடது, சின்னது. வலது, மெதுவாக இறங்கும். இப்போது. நான் மாசிலாமணியின் இடுப்பை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்வேன். சக்கரம் இறங்கி ஏறும். தண்ணீர்மேல் போவதுபோல் இருந்தது. ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். காவல் சிப்பாய் தூங்கிவிட்டான்.

ஏரிக்கரையில் வெயில் ஏறியிருந்தது. நாரைகள் எழும்பவில்லை. வண்டிச் சத்தம் அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மாசிலாமணி வலி மறந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான். திறப்பு வழியாக அவர் தலையின் பின்பக்கம் தெரிந்தது. ஆறு வாரம் படுத்திருந்தாரே, அதேபோல் அசையாத தலை.

ஜாலஹள்ளியில் டாக்டர் மாசிலாமணியின் உள்ளங்காலைப் பேனாவால் கீறினார். பெருவிரல் அசைந்தது. இரண்டு காலிலும். சவரிமுத்துவை ஜுர வார்டில் சேர்த்தார்கள்.

முகாம் வாசலில் லெப்டினன்ட் சாவியை என் கையில் வைத்தார். "ஞானப்பூ" என்றார். வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். அதுதான் சொல்ல வந்தது போலிருக்கிறது. காவல்காரர்கள் கதவைத் திறந்தார்கள். கடைசிவரை தலையைத் திருப்பாமல், கவனமாக அடிவைத்து உள்ளே போனார்.

ஜாலஹள்ளி டிரைவர் ஒருவரோடு திரும்பி வந்ததும் மேட்ரன் அறைக்குப் போக வேண்டியிருந்தது. கைதியிடம் அரசாங்க வண்டியைக் கொடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். மிச்சமிருந்த ஐந்து மைல் தூரத்துக்கு ஏன் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று என்பதற்கும் தனியாகக் கேட்டார். டிரைவருக்கு மலேரியா, நோயாளிக்கு முதுகெலும்பு முறிவு, ரோடு மோசம் என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவும் உண்மை. ஒரு மாதத்துக்கு வெளி வேலை கிடையாது என்று உத்தரவாயிற்று.

ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த முகாம் வாசல் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது.